காசிமேட்டில் ஒரு கல்லறைக் கல் கடை: கல்லும் எழுத்தும் வசனமும்

வடசென்னையில் இறந்தவருக்குக் கல்லறைக் கல் செய்ய வேண்டிய குடும்பங்களுக்கு, காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள இந்தக் கடையைச் சில எச்சரிக்கைகளோடு பரிந்துரைக்கிறேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. 'கல்லறைக் கற்கள், சிலுவைகள், பெயர்க்கற்கள் செய்து தரப்படும்' என்று சுவரில் நீலப் பெயின்டில் எழுதியிருப்பதே அடையாளம். தகரக் கூரையின் கீழ்ச் சுவரோரமாகச் சாய்த்து நிறுத்திய கிரானைட் பலகைகள், மூலையில் சிமென்டில் வார்த்த சிலுவைகள், மேசை மேல் பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரி ஆல்பம், வாசலில் துறைமுகத்தை நோக்கி வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் என்று, பார்வைக்கு இத்தொழிலின் மற்றக் கடைகளைப் போலவேதான் இருக்கும். சாவு விழுந்த வீட்டில் கடை கடையாக ஏறி இறங்கி விலை விசாரிக்க யாருக்கும் மனம் வராது. தோட்டத்து வாசலில் முதலில் எதிர்ப்படுபவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். அதனால்தான் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் செய்யக் கொடுத்தது எங்கள் பெரியம்மாவின் கல்லறைக்கு. இராயபுரத்தில் பிறந்து, அங்கேயே பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து, ஞாயிறுதோறும் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்து, மொட்டைமாடியில் உடைந்த வாளிகளிலும் பெயின்ட் டப்பாக்களிலும் செடி வளர்த்து வாழ்ந்தவர் அவர். இரண்டடி உயரமும் ஒன்றரையடி அகலமும் உள்ள கறுப்பு கிரானைட் பலகை, அதில் பெயர், தேதிகள், ஒரு வசனம், கீழே சிமென்ட் பீடம் ஆகியவற்றுக்கு, பதித்துத் தரும் கூலி உட்பட 18,000 ரூபாய் ஆயிற்று. கொடுத்த பணத்துக்கு நியாயமான வேலை. ஆனால் கல்லறைக் கல்லை மதிப்பிடும்போது கல்லையும் எழுத்தையும் பார்த்ததோடு நிறுத்திக்கொள்வது போதாது என்பது என் கருத்து. அதில் வெட்டப்படும் வசனம் எப்படிப்பட்ட நம்பிக்கையைச் சொல்கிறது, துக்கத்தில் இருப்பவரிடம் அது உண்மை பேசுகிறதா அல்லது மழுப்புகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்தக் கடையின் சிறப்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதன் குறைகளில் ஒன்றும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் கல். வெள்ளைப் பளிங்கு, சாம்பல் கிரானைட், கறுப்பு கிரானைட் ஆகிய மூன்றும் கிடைக்கின்றன. பளிங்கு கேட்டு வருபவர்களிடம் கடைக்காரரே வேண்டாம் என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. பளிங்கு என்பது சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது, அமிலத்தைத் தாங்காது. இந்தப் பக்கத்துக் காற்றில் கடலின் உப்பும் உண்டு, மணலி, எண்ணூர் ஆலைகளின் புகையும் உண்டு. புகையிலுள்ள கந்தக டைஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து பளிங்கின் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றும். மழை அதைக் கரைத்துக்கொண்டு போகும். எழுத்தின் கூர்மை சிறிது சிறிதாக மழுங்கும். கிரானைட்டுக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. எங்கள் பலகை விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்பு என்று சொன்னார்கள். மெருகும் நிறமும் அதற்குப் பொருத்தமாகவே இருந்தன.

பழைய கல்லறைகளில் காணப்படும் பல்லாவரத்துக் கருங்கல்லும் நன்றாக நிற்கும். அதைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. நிலவியலார் அக்கல்லைச் சார்னோகைட் என்று அழைக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் இறந்த ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைப் பலகை அவ்வகைக் கல்லால் ஆனது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர், அடியில் கிடப்பவரின் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். இன்று நம் பக்கத்து மலைக்கல் உலகமெங்கும் ஒரு கல்லறையிலிருந்து வந்த பெயரால் அறியப்படுகிறது.

எழுத்தை மூன்று விதமாகச் செய்து தருகிறார்கள். மெருகேற்றிய கறுப்புப் பரப்பை லேசரால் மேலாகச் சுரண்டி வெள்ளைக் கோடாக்குவது ஒன்று. ரப்பர் தாளில் எழுத்தை வெட்டிக் கல்லின் மேல் ஒட்டி, அதன் மேல் மணலைக் காற்றழுத்தத்தோடு பீய்ச்சிக் குழியாக்குவது இன்னொன்று. உளி கொண்டு கையால் வெட்டுவது மூன்றாவது. மணல் பீய்ச்சும் முறையில் தமிழுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளிகள் மிகச் சிறிய வட்டங்களாக இருப்பதால் மணல் அவற்றுக்குள் ஒழுங்காகப் புகுவதில்லை. புள்ளி ஆழமில்லாமல் நின்றுவிடுகிறது. எழுத்தின் சுழிக்குள் இருக்கும் ரப்பர்த் துண்டு பெயர்ந்துவிட்டாலோ, சுழி முழுவதுமே குழியாகிவிடும். சில மழைக்காலங்கள் கழிந்து பெயின்ட் உதிர்ந்ததும் புள்ளியற்ற சொற்களே மிஞ்சும். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதிய காலத்தில் படிப்பவர் அதைத் தாமாக வைத்துப் படித்துக்கொண்டார். கண்ணீரோடு நிற்பவரிடம் அந்தப் புலமையை எதிர்பார்க்க முடியாது. கைவெட்டில் மேஸ்திரி ஒவ்வொரு புள்ளியையும் கூருளியால் தனியே இறக்குகிறார். செலவு கூடும், நாளும் கூடும். ஆனாலும் கைவெட்டையே கேளுங்கள்.

எழுத்துப் பிழை விஷயத்தில் கடைக்காரர் காட்டும் கவனம் பாராட்டத்தக்கது. வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் வாசகத்தை அவர்களுடைய கணினியில் உள்ள பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடுவதுண்டு. அதனால் பலகையின் அளவிலேயே தாளில் அச்சடித்துக் கொடுத்து, குடும்பத்தில் குறைந்தது இரண்டு பேர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே கல்லில் கை வைக்கிறார்கள். இன்னொன்றும் குறிப்பிட வேண்டும். இத்தொழிலில் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி போடுவது வழக்கம். அதன் விளைவாக வசனத்தைப் பாதியில் முறித்துவிடும் குடும்பங்கள் உண்டு. 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்று வெட்டிவிட்டு, 'நான் தாழ்ச்சியடையேன்' என்பதைக் காசு மிச்சம் பிடிப்பதற்காக விட்டுவிட்ட கற்களைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கடையில் பெயருக்கும் தேதிக்கும் மட்டுமே எழுத்துக் கணக்கு. வசனத்துக்கு நீளம் எதுவாயினும் ஒரே தொகை.

இனி வசனம். கடைக்காரர் கிறிஸ்தவர், எழுத்து வெட்டும் மேஸ்திரி நெற்றி நிறையத் திருநீறு பூசி வருபவர். எந்தச் சபை என்பதுதான் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி. கத்தோலிக்கர் படிக்கும் வேதாகமமும் சீர்திருத்த சபையார் படிக்கும் வேதாகமமும் வாசகத்தில் வேறுபடுவதால், இரண்டையும் மேசையில் வைத்திருக்கிறார். ஆல்பத்தில் உள்ளவை பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்தவை: இருபத்துமூன்றாம் சங்கீதம், 'நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன், விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்' என்ற பவுலின் சொற்கள், 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார்' என்ற யோபுவின் அறிக்கை. இவற்றில் எதைக் கேட்டாலும் மறுப்பின்றி வெட்டித் தருவார்கள். ஒன்றில் மட்டும் கடைக்காரர் குறுக்கிடுகிறார். 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்ற யோபு புத்தகத்து வசனத்தைக் குழந்தையின் கல்லுக்குக் கேட்டு உறவினர் யாராவது வந்தால், தாயையும் தகப்பனையும் ஒருமுறை கேட்டுவிட்டு வரச் சொல்கிறார். பிள்ளைகளை இழந்த யோபு தன் வாயால் சொன்ன சொல் அது. இழக்காதவர் இழந்தவரின் கல்லில் எழுதி வைக்கும்போது அதன் பொருள் வேறாகிவிடுகிறது. பல போதகர்கள் கவனிக்கத் தவறும் ஒன்றை ஒரு கல் கடைக்காரர் கவனித்து வைத்திருக்கிறார்.

பலகையில் வசனம் எங்கே வர வேண்டும் என்பதில் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. எங்கள் சித்தப்பா வசனம் உச்சியில் பெரிய எழுத்தில் வேண்டும் என்றார். மேஸ்திரி தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேரு மேல இருக்கட்டும் சார். போனது யாருன்னு படிக்கறதுக்கு முன்னாடியே ஆறுதல் சொன்னா மனசுல ஒட்டாது" என்றார். அது வடிவமைப்பு பற்றிய யோசனையாகச் சொல்லப்பட்டது. ஆனால் யோவான் சுவிசேஷத்தின் பதினோராம் அதிகாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. கல்லறைகளில் அதிகம் காணப்படும் 'நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன், என்னை விசுவாசிக்கிறவன் மரித்தாலும் பிழைப்பான்' என்ற சொற்கள் அந்த அதிகாரத்தின் இருபத்தைந்தாம் வசனம். பத்து வசனங்கள் தள்ளி, 'இயேசு கண்ணீர் விட்டார்' என்று வருகிறது. இறந்துபோன லாசருவைச் சற்று நேரத்தில் உயிரோடு எழுப்பப் போகிறவர், எழுப்பப் போவதை அறிந்தவர், அழுகிறவர்களின் நடுவே நின்று தாமும் அழுகிறார். உயிர்த்தெழுதல் உண்டு என்பதால் அழுகை தேவையற்றது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றிப் பேசுவோர் பலர் முதல் வசனத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சாவு வீட்டில் 'அழக் கூடாது, அவர்கள் பரலோகத்தில் இருக்கிறார்கள்' என்று பெண்களின் வாயை அடைப்பது அப்படித்தான் தொடங்குகிறது. பவுலும் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றாரே தவிர, துக்கிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

கடையின் ஆல்பத்தில் 'இயேசு கண்ணீர் விட்டார்' இல்லை. நான் கேட்டபோது, இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை என்றார் கடைக்காரர். சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார். எங்கள் பலகையில் பெயர் மேலேயும் வசனம் கீழேயும் வந்தன. வசனமாக 'அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்' என்பதை முடிவு செய்தோம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் உயிர்த்தெழுதலை விதையாக விளக்கும் பகுதி அது. பெயின்ட் டப்பாவில் வெண்டை விதை ஊன்றி முளைப்பதற்குக் காத்திருந்த ஒருவருக்கு அதைவிடப் பொருத்தமாக எங்களுக்கு எதுவும் தோன்றவில்லை.

அன்று கடையில் இன்னொரு குடும்பமும் இருந்தது. கடலுக்குப் போய்த் திரும்பி வராத ஒருவரின் மனைவியும் மகனும். உடல் கிடைக்காதவர்களை ஏழு ஆண்டுகள் கழித்தே இறந்தவராகக் கருதச் சட்டம் இடம் தருகிறது. அதற்குப் பிறகும் அந்த அம்மா பல காலம் கல் வைக்கச் சம்மதிக்கவில்லையாம். இப்போது அவருடைய மாமனாரின் கல்லில் கணவர் பெயரையும் சேர்க்க வந்திருந்தார். "கடல்ல போனவருக்கு என்னா வசனம் போடுவாங்க மேஸ்திரி?" என்று கேட்டார். மகன் ஏற்கெனவே ஒன்றைத் தீர்மானித்து வந்திருந்தார்: புதிய வானத்தையும் புதிய பூமியையும் பற்றிச் சொல்லும் வெளிப்படுத்தின விசேஷத்தின் இருபத்தொன்றாம் அதிகாரத்தில், 'சமுத்திரமும் இல்லாமற்போயிற்று' என்ற வரி. தகப்பனை எடுத்துக்கொண்ட கடல் ஒருநாள் இருக்காது என்பது அந்தப் பையனுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். தாய் ஒப்பவில்லை. "கடலே இல்லன்னா நாம எங்கடா போறது?" என்றார்.

வேதாகம விளக்கவுரைகளில் இந்த வரிக்குப் பதில் உண்டு. யோவான் அதை எழுதியது பத்மு என்னும் தீவில். அவருடைய தரிசனத்தில் மிருகம் எழும்பி வருவது சமுத்திரத்திலிருந்து. ஆகவே அங்கே சமுத்திரம் என்பது ஒழுங்கைக் குலைக்கும் கேட்டின் உருவம், நண்டும் நெத்திலியும் தரும் நீர் அன்று என்பார்கள். விளக்கம் சரிதான். ஆனால் விசைப்படகுத் துறையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரத்தில் நின்றுகொண்டு அதை அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. 26.12.2004 என்ற தேதியை இக்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே கடல் அதற்கு முந்தின நாள் வரையிலும் சோறு போட்டது, சில வாரங்கள் கழித்து மீண்டும் போட்டது என்பதையும் விளக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன் படகுகளின் விளக்குகள் கரை திரும்பும் காட்சியின் அழகும், அவற்றில் ஒன்று குறைந்தால் நெஞ்சில் விழும் அடியும் ஒரே நீரிலிருந்து வருகின்றன. உலகம் அழகானது, உலகம் உடைந்தது என்று இரண்டு வாக்கியங்களாகச் சொல்வது உட்பகுதியில் வாழும் எங்களைப் போன்றவர்களுக்கு எளிது.

கடைக்காரர் வேதாகமத்தில் ஒரு பக்கம் பின்னால் திருப்பினார். இருபதாம் அதிகாரம், பதின்மூன்றாம் வசனம்: 'சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது.' நியாயத்தீர்ப்பைப் பற்றிய பகுதியில் வரும் வசனம் இது. அச்சமூட்டும் பகுதி என்பதால் கல்லறைக்கு இதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் உடல் கிடைக்காத ஒருவரின் குடும்பத்துக்கு இதைவிட நேரான சொல்லை வேதாகமம் முழுவதும் தேடினாலும் காண்பது அரிது. கடல் அழிய வேண்டியதில்லை. அது எடுத்ததைத் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியாது, கேட்கப்படும் நாளில் கொடுத்துவிட வேண்டும். தாயும் மகனும் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். தாளில் அச்சடித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்தக் கடையின் சேவையில் எது சிறந்தது என்று கேட்டால், வசனத்தோடு ஆளைப் பொருத்திப் பார்க்கும் இந்தப் பொறுமையைத்தான் சொல்வேன்.

அதே கடை அலங்காரப் படங்களில் அந்தப் பொறுமையை முழுவதும் இழந்துவிடுகிறது. கடைக்காரரின் மகன் கவனிக்கும் பிரிவு இது. மேகத்தைப் பிளந்து வரும் ஒளிக்கதிர், மேலே போகும் படிக்கட்டு, பொன்வாசல், புறா: கணினியில் இருக்கும் படங்கள் எல்லாமே இங்கிருந்து எங்கோ மேலே தப்பிச் செல்வதைப் பற்றியவை. பக்கத்தில் லேசரால் இறந்தவரின் படத்தைப் பொறித்து, முகத்துக்குப் பின்னால் ஒளிவட்டமும் வைத்துத் தருகிறார்கள். நான் பார்த்த மாதிரிகளில் ஒன்றிலும் முகம் முகமாக இல்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் பரிசுத்த நகரம் பரலோகத்தை விட்டு இறங்கி வருகிறது. மனிதர்கள் மேலே ஏறிப் போகும் காட்சியோடு அந்தப் புத்தகம் முடிவதில்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்தில், 'சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது' என்கிறார் பவுல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிவு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, மீனவர்கள் அதை வாளியாலும் வெறுங்கையாலும் அள்ளியதையும், கூழைக்கடாக்களின் வெண்சிறகில் கறுப்பு அப்பியிருந்த படங்களையும் கண்டவர்களுக்குச் சிருஷ்டியின் தவிப்பு என்பது உருவகமாகத் தோன்றாது. பவுல் அந்தத் தவிப்பைச் சாவு வேதனை என்று சொல்லாமல் பிரசவ வேதனை என்று சொன்னதில்தான் கிறிஸ்தவ நம்பிக்கை முழுவதும் இருக்கிறது. கைவிடப்படப் போகும் ஒரு பூமிக்கு அப்படி எழுத வேண்டிய அவசியமில்லை. ஆகவே அந்த மேகங்களைத் தவிர்த்துவிடுங்கள். மேஸ்திரியிடம் கேட்டால் ஓரத்தில் ஒரு கொடியோ, கதிரோ, படகோ கோட்டுருவமாக வெட்டித் தருவார். நாங்கள் ஒரு முளையை வெட்டச் சொன்னோம், கச்சிதமாக வந்திருக்கிறது.

என் பெரிய குறை வேறொன்று. கடையின் பின்கட்டில் இரண்டு இளைஞர்கள் தண்ணீர் இல்லாமல் உலர்ந்த நிலையிலேயே கிரானைட்டை அறுக்கிறார்கள். மூக்கைக் கைக்குட்டையால் கட்டியிருந்தார்கள், அதுவும் ஒருவருக்குக் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கிரானைட்டில் சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள் ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்ற நோயை உண்டாக்கும். வந்தபின் அதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது, வராமல் தடுக்கலாம். அறுக்கும் இடத்தில் தண்ணீர் விட்டாலே தூளின் பெரும்பகுதி அடங்கும். தகுந்த முகக்கவசமும் வேண்டும். விசுவாசப் பிரமாணத்தில் ஞாயிறுதோறும் 'சரீரம் உயிர்த்தெழுதலும்' என்று சொல்கிறவர்கள், ஆத்துமா பிழைத்தால் போதும் என்று எண்ண முடியாது. அந்தச் சொற்களைக் கல்லில் வெட்டுபவனின் சரீரம் என்ன ஆகிறது என்று வாங்குபவர்களாகிய நாமும் கேட்க வேண்டும். நான் கேட்டேன். தண்ணீர் இணைப்பு வரப்போகிறது என்றார் கடைக்காரர். கல் பதிக்க வந்த நாள் வரையிலும் வரவில்லை. கூலியில் சில நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை, நீர் விட்டு அறுத்துத் தாருங்கள் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரும் சொன்னால் வேலை நடக்கும் என்று நினைக்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. சொன்ன தேதிக்குக் கல் கிடைக்காது. இரண்டு வாரம் என்றால் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன், அக்டோபர் முழுவதும் கடையில் கால் வைக்க இடமிருக்காது. அப்போது புது வேலை கொடுக்காதீர்கள். பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார்கள், ரசீது துண்டுத் தாளில் வருகிறது, வற்புறுத்தினால் ஒழுங்கான பில் கிடைக்கும். மீனவக் குடும்பங்களிடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் பாக்கியைக் கேட்பதில்லை என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை. வரிசையில் நின்ற ஒருவர் சொன்னார். கல் பதிப்பதற்கான அனுமதிக் கடிதத்தைக் கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் நீங்களேதான் வாங்க வேண்டும், அந்த அலைச்சலைக் கடை ஏற்காது.

சென்னையில் அடக்க நிலம் நெருக்கடியானதால் ஒரே குழியில் குடும்பத்தார் அடுத்தடுத்து வைக்கப்படுவது வழக்கமாகிவிட்டது. அதனால் பெயருக்குக் கீழே இடம் விட்டு வெட்டச் சொல்லலாமா என்று மேஸ்திரி தாமாகவே கேட்பார். கூச்சப்படாமல் ஆம் என்று சொல்லுங்கள். பிற்பாடு பலகையை மாற்றுவது பெருஞ்செலவு. எங்கள் பலகையில் மூன்று பெயருக்கு இடம் விட்டிருக்கிறது. சித்தப்பா அதை விரலால் அளந்து பார்த்து, தம் பெயர் சற்று நீளம், எழுத்தைக் கொஞ்சம் நெருக்கி வெட்ட வேண்டியிருக்கும் என்று மேஸ்திரியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டார். கைவெட்டுக்கு இந்தக் கடையில் மேஸ்திரி ஒருவர்தான். பின்கட்டுப் பையன்கள் இயந்திர வேலை மட்டுமே அறிந்தவர்கள். ஆகவே முன்பணம் கொடுக்கும்போதே எழுத்து வெட்டப் போவது யார் என்பதைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.